எதிர்ப்பல்லுக்கு ஒரு வக்காலத்து



பல்லைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பல் வலியைப் பற்றிப் பேசலாம். பல் துலக்கும் முறையைப் பற்றிப் பேசலாம். அவற்றைச் சொல்ல உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்று யாரும் பேசாத ஒரு பல்லுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கேப், அதாவது செயற்கை உறை, போட்ட பல்லுக்கு எதிரே இருக்கிறதே, அந்தப் பல்லுக்காக. கீழே கேப் போட்டால் நேர் மேலே இருக்கும் பல். மேலே போட்டால் நேர் கீழே இருக்கும் பல். அதில் சொத்தை இல்லை. வலி இல்லை. அதற்குச் சிகிச்சையே தேவைப்படவில்லை. கேப் போட்டது ஒரு பல்லுக்கு. அந்தக் கேப்போடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டப் போவது இன்னொரு பல். அந்த இன்னொரு பல்லின் ஆயுளை எது தீர்மானிக்கிறது? இதுவே என் பேச்சின் பொருள்.

விடையை ஒளித்து வைத்துக் கதை சொல்லப் போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேப்பின் விலை அதைத் தீர்மானிப்பதில்லை. கேப்பின் கடினம்கூட நாம் நினைக்கிற அளவுக்குத் தீர்மானிப்பதில்லை. கேப்பின் மேற்பரப்பு கடைசியில் எப்படி முடிக்கப்பட்டது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தக் கடைசி மெருகு சரியாக இருந்தால் எதிர்ப்பல் பிழைக்கும். இல்லையென்றால் அது நாளுக்கு நாள் தேயும்.

இதைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏன் பேச வேண்டும்? நம்முடைய இந்தச் சமவெளியைப் பாருங்கள். அரியானூரில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி. குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா பல் மருத்துவக் கல்லூரி. திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரி. எளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் பல் மருத்துவக் கல்லூரி. இத்தனை கல்லூரிகள் இவ்வளவு அருகருகே அமைந்த வட்டாரங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தறி ஓட்டுபவரும், லாரி பாடி கட்டுபவரும், கோழிப்பண்ணை வைத்திருப்பவரும் இன்று கேப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் வசதி படைத்தவருக்கு மட்டும் கிடைத்த வைத்தியம் இன்று எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் வைத்தியம் பரவிய வேகத்துக்கு அதைப் பற்றிய விவரம் பரவவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கேப் செய்யும் பீங்கான் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அதோடு குவார்ட்ஸ், அதாவது நம் ஊர்க்காரர்கள் வெங்கச்சங்கல் என்று சொல்கிற வெள்ளைக் கல். சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கத்துக் காடுகளில் காலில் இடறுகிற இந்தக் கற்களின் இனம்தான், சுத்தம் செய்து, பொடித்து, உருக்கி, நிறம் சேர்த்த பிறகு பல் மருத்துவரின் கைக்கு வருகிறது. கேப் செய்யும் இன்னொரு பொருளான ஜிர்கோனியாவும் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் சிர்கான் என்ற கனிமத்தைப் பிரித்தெடுக்கிறது. அந்த இனக் கனிமத்திலிருந்து கிடைக்கும் ஆக்சைடுதான் ஜிர்கோனியா.

பீங்கானைப் பல்லுக்குத் தொப்பியாகப் போடும் வித்தை எப்போது வந்தது? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் 1889இல் முழுப் பீங்கான் கேப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1927இல் அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க் இவருடைய பேரன். தாத்தா செய்த கேப் அழகாக இருந்தது. ஆனால் எளிதில் உடைந்தது. 1960களின் தொடக்கத்தில் உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறை வந்தது. நாம் இன்று 'மெட்டல் செராமிக்' என்று சொல்வது அதுதான். பிறகு லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னொரு செராமிக் வந்தது. பிறகு ஜிர்கோனியா வந்தது.

ஜிர்கோனியாவைப் பற்றி ஒரு செய்தி. 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பு 'பீங்கான் எஃகா?' என்ற பொருளில் ஒரு கேள்விக்குறியோடு இருந்தது. ஜிர்கோனியாவில் விரிசல் விழத் தொடங்கினால், விரிசல் முனையில் இருக்கும் படிகங்கள் உருமாறிக் கொஞ்சம் உப்புகின்றன. உப்பி அந்த விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. சாதாரணப் பீங்கான் செய்யாத வேலை இது. இரும்பாலை இருக்கிற ஊர் நம்முடையது. எஃகோடு ஒரு பொருளை ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். பல்லின் மேலே இருக்கிற எனாமலின் கடினத்தை விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 300 முதல் 350 என்று வைத்தால், ஜிர்கோனியா 1200க்கு மேல் போகிறது. நான்கு மடங்கு. அப்படியானால் நான்கு மடங்கு கடினமான பொருள் எதிர்ப்பல்லை அரைத்துத் தின்றுவிடாதா? இப்படித்தான் எல்லோரும் பயந்தார்கள். நோயாளி பயந்தார். மருத்துவரும் பயந்தார். ஆனால் நடந்தது என்ன?

உங்கள் வீட்டு அம்மியை நினைத்துப் பாருங்கள். அம்மி கருங்கல். வருடக்கணக்கில் அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்டால் அதில் மிளகாய் மசியாது. அப்போது என்ன செய்தார்கள்? 'அம்மி கொத்தலையோ' என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரை நிறுத்தி, உளியால் கொத்தச் சொன்னார்கள். கொத்திய மறுநாள் அதே அம்மியில் மிளகாய் நொடியில் மசிந்தது. கல் மாறியதா? இல்லை. கல்லின் கடினம் கூடியதா? இல்லை. மாறியது மேற்பரப்பு. அரைப்பது கல்லின் கடினம் அல்ல, கல்லின் சொரசொரப்பு.

வாயிலும் அதே நியாயம்தான். 2013இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா, கிளேஸ் பூசிய ஜிர்கோனியா, வழக்கமான பீங்கான் ஆகியவற்றுக்கு எதிரே பல் எனாமலை வைத்து, மெல்லுவதைப்போல இயந்திரத்தால் லட்சக்கணக்கான முறை உரச வைத்தார்கள். எது குறைவாகத் தேய்த்தது? எல்லாவற்றிலும் கடினமான ஜிர்கோனியா, நன்றாக மெருகேற்றப்பட்டிருந்தபோது, எனாமலைக் குறைவாகவே தேய்த்தது. அதே ஜிர்கோனியாவுக்குக் கிளேஸ் பூசியபோது தேய்மானம் கூடியது. பொருள் அதேதான், மேற்பரப்பு வேறு. அதன் பிறகு வேறு நாடுகளில் நடந்த பல ஆய்வுகளும் இதே திசையையே காட்டின.

இது எப்படி நடக்கிறது? கிளேஸ் என்பது கண்ணாடிப் பூச்சு. கேப் தயாரிக்கும் லேபில், கேப்பின் மேல் மெல்லிய பசையாகத் தடவி, உலையில் சுட்டால், கண்ணாடி உருகிப் படிந்து பளபளக்கும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. ஆனால் ஜிர்கோனியாவின் மேல் அது ஒரு தனிப் படலம். மென்று மென்று அந்தப் படலம் நாளடைவில் தேய்ந்து உதிர்கிறது. உதிரும் துணுக்குகள் இரண்டு பல்லுக்கும் நடுவில் சிக்கி, மணலைப்போல அராவுகின்றன. படலம் போன பிறகு அடியில் என்ன வெளிப்படுகிறது? கிளேஸ் பூசுவதற்கு முன் மெருகேற்றாமல் விட்ட கரடுமுரடான ஜிர்கோனியா. அது நான்கு மடங்கு கடினம். இப்போது சொரசொரப்பும் சேர்ந்துகொண்டது. கடினமும் சொரசொரப்பும் ஒன்றுசேர்ந்தால் எதிர்ப்பல் என்ன செய்யும்?

மெருகேற்றிய ஜிர்கோனியாவின் கதை வேறு. அதன் படிகத் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நன்றாக மெருகேற்றினால் வழவழப்பாகிறது. எளிதில் உதிராததால் அந்த வழவழப்பு நிலைக்கிறது. பழைய பீங்கான் அப்படி இல்லை. அது நொறுங்கும் இனம். சின்னச் சின்னத் துணுக்காகப் பெயர்ந்து, பெயர்ந்த இடம் சொரசொரப்பாகி, மேலும் தேய்க்கும். வாய்க்குள் நேரடியாக அளந்த ஆய்வுகளிலும், மெருகேற்றிய ஜிர்கோனியா இயற்கைப் பல்லைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலும், பழைய பீங்கானைவிடப் பெரும்பாலும் மோசமில்லை என்பதே முடிவு.

இப்போது ஒரு காட்சியைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். வேர் சிகிச்சை முடிந்து, அளவெடுத்து அனுப்பிய கேப் லேபிலிருந்து வந்துவிட்டது. மருத்துவர்களாகிய நாங்கள் மாட்டிப் பார்க்கிறோம். மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்து, "கடிங்க... இப்ப இப்படியும் அப்படியும் அரைங்க" என்கிறோம். தாளை எடுத்தால் கேப்பின் மேல் அழுத்தமாக ஒரு நீலப் புள்ளி. "ஏனுங்க டாக்டர், இந்தப் பக்கம் மட்டும் முன்னாடியே இடிக்குதுங்க" என்கிறார் அவர். வைரத்தூள் பதித்த பர் என்ற சிறு கருவியைச் சுழலவிட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, புள்ளி இருக்கும் இடத்தை லேசாக எடுக்கிறோம். மறுபடி தாள். மறுபடி புள்ளி. மறுபடி பர். கடைசியில், "இப்ப சரியாயிடுச்சுங்க" என்று சிரிக்கிறார். சிமெண்ட் வைத்து ஒட்டி அனுப்பிவிடுகிறோம்.

எல்லாம் சரியாகத்தானே நடந்தது? கடி சரியாகிவிட்டது, நோயாளிக்கும் திருப்தி. ஆனால் பர் பட்ட இடத்தைப் பாருங்கள். அங்கே கிளேஸ் போய்விட்டது. மெருகு போய்விட்டது. வைரத்தூள் கிழித்த கோடுகள் மிச்சம். நுண்ணோக்கியில் பார்த்தால் உழுத காடுபோல இருக்கும். அது எந்த இடம்? எதிர்ப்பல் முதலில் வந்து மோதுகிற அதே இடம்! கேப்பின் மற்ற பக்கமெல்லாம் பளபளக்கிறது. பளபளப்பு எங்கே மிகவும் வேண்டுமோ அங்கே மட்டும் இல்லை.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு. கடினமான தீர்வா? இல்லை. பர் பட்ட இடத்தை மறுபடி மெருகேற்றினால் போதும். செராமிக்குக்கென்றே ரப்பர் சக்கரங்கள் இருக்கின்றன. முதலில் முரடு, அடுத்து நடுத்தரம், பிறகு மெல்லியது. கடைசியில் வைரப் பசை தடவிய சின்ன பிரஷ். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்கு ஓடக் கூடாது. ஓடினால் பழைய கீறல் அடியில் அப்படியே இருக்கும். மேலே மட்டும் மினுங்கும். சிமெண்ட் வைப்பதற்கு முன்பே, கேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தால் வேலை இன்னும் சுலபம். ஆகிற நேரம் சில நிமிடங்கள். பிழைப்பது ஒரு பல்லின் பல ஆண்டுகள்.

அப்படியானால் கிளேஸே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. முன்பல்லுக்கு நிறமும் மினுமினுப்பும் வேண்டும். வெளிப்பக்கத்துக்குக் கிளேஸ் அழகு. சாதாரணப் பீங்கானுக்கும் லித்தியம் டைசிலிகேட்டுக்கும் கிளேஸும் நல்ல மெருகும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. ஜிர்கோனியாவுக்குத்தான் வேறுபாடு தெளிவு. ஆகையால் மெல்லும் பக்கத்துக்கு மெருகு, கன்னத்துப் பக்கத்துக்குக் கிளேஸ் என்று பிரித்துச் செய்யலாம். செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பொருளாக இருந்தாலும் ஒரு விதி மாறாது: பர் பட்டால் மறுபடி மெருகு.

சரி, தேய்ந்தால் என்ன? எல்லோருடைய பல்லும் தேயத்தானே செய்கிறது? நியாயமான கேள்வி. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 1989இல் வெளியிட்ட கணக்கின்படி, இயற்கைக் கடைவாய்ப் பல் இன்னொரு இயற்கைப் பல்லோடு உரசும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மைக்ரான் தேய்கிறது. ஒரு தலைமுடியின் பருமனில் பாதியைவிடக் குறைவு. ஐம்பது ஆண்டு அதே வேகத்தில் தேய்ந்தாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். கடைவாய்ப் பல்லின் முகட்டில் எனாமலின் பருமன் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். இயற்கை நமக்கு ஓர் ஆயுளுக்குப் போதுமான எனாமலைக் கொடுத்தே அனுப்பியிருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு சொரசொரப்பான கேப் குலைத்துவிடுகிறது. எனாமல் ஒரு முறை போனால் உடம்பு அதைத் திரும்ப வளர்க்காது. எலும்பு கூடும், தோல் ஆறும், எனாமல் வளராது. எனாமல் போனால் அடியிலிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வெளிப்படும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பிறகு? அந்தப் பல்லுக்கும் ஒரு கேப். சிகிச்சை தேவைப்படாத பல் சிகிச்சைக்கு வந்துவிட்டது.

நம் சமவெளிக்கென்று இன்னொரு கவலை உண்டு. சேலம், நாமக்கல், பக்கத்துத் தருமபுரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல ஊர்களில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் எனாமல் உருவாவது குழந்தைப் பருவத்தில். அப்போது கெட்டது பிறகு மாறாது. ஆகையால் காவிக் கறையும் வெள்ளைத் திட்டும் படிந்த பற்களோடு ஒரு தலைமுறையே நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. அதிகம் பாதிக்கப்பட்ட பற்களில் எனாமல் உள்ளுக்குள் நுண்துளைகளோடு பலவீனமாக இருக்கும், எளிதில் பெயரும். கறையை மறைக்கக் கேப் போட்டுக்கொள்கிறவர் இந்த ஊரில் ஏராளம். அந்தக் கேப்புக்கு எதிரே நிற்பது எந்தப் பல்? அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த பல். ஏற்கெனவே மெலிந்த பல். அதன்மேல் சொரசொரப்பான பீங்கானை ஏவுவது நியாயமா?

இதோடு நம் பழக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கல் பொடியிலும் சாம்பலிலும் பல் துலக்குவது இன்னும் சில வீடுகளில் உண்டு. பாக்கை ஓயாமல் மெல்லுபவர் உண்டு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் உண்டு. அது அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். இவர்களுக்கெல்லாம் கேப்பின் மெருகு இரட்டிப்பு முக்கியம். தூக்கத்தில் கடிப்பவர் இரவில் மாட்டிக்கொள்ளும் தகடு பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டும்.

நோயாளியாகப் போகிற நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? "இதுக்கு எத்தனை வருசம் வாரண்டிங்க?" கேளுங்கள், தப்பில்லை. கார்டும் தருவார்கள். ஆனால் அந்தக் கார்டைத் திருப்பிப் படியுங்கள். கேப் உடைந்தால் மாற்றித் தருவதாக எழுதியிருக்கும். எதிர்ப்பல் தேய்ந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்குமா? இருக்காது. கேப்புக்கு வாரண்டி உண்டு. கடவுள் கொடுத்த பல்லுக்கு வாரண்டி தருபவர் யாரும் இல்லை. ஆகையால் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். "மெல்லுற பக்கம் பாலிஷ் பண்ணியிருக்குதுங்களா?" என்று கேளுங்கள். "கடி சரி பண்ணின பிறகு மறுபடி பாலிஷ் பண்ணுவீங்களா?" என்று கேளுங்கள். "எதிர்ப்பல்லை எப்ப வந்து காட்டட்டும்?" என்று கேளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மருத்துவர் சந்தோஷப்படுவார்.

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் உங்கள் நாக்கால் கேப்பின் மேல் தடவிப் பாருங்கள். நாக்கு சாதாரண உறுப்பு இல்லை; அரை மைக்ரான் அளவு சொரசொரப்பைக்கூட அது உணர்ந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாக்கு 'நெரடுது' என்று சொன்னால் வெட்கப்படாமல் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. கேப்பைப் பொருத்துவதோடு வேலை முடிவதாக நினைக்காதீர்கள். மெருகேற்றும் சக்கரத்தைப் பர்ருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பர்ரை எடுத்த கை சக்கரத்தையும் எடுக்கப் பழகட்டும். லேப் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிர்கோனியாவின் மேல் கிளேஸ் பூசுவதற்கு முன் அடிப்பரப்பை மெருகேற்றுங்கள். கிளேஸ் ஒரு நாள் போகும். அன்று நீங்கள் இட்ட மெருகுதான் அங்கே நிற்கும். விலை பேசும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சில நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி அழுத்தினால், எங்கோ ஒரு வேலை விடுபடும். கண்ணுக்குத் தெரியாத வேலைதான் முதலில் விடுபடும். மெருகேற்றுவது கண்ணுக்குத் தெரியாத வேலை.

கேப் போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் போய், கேப்பை மட்டும் காட்டாமல், அதற்கு எதிரே இருக்கும் பல்லையும் காட்டுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கேப் போட்டிருந்தால், இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: எதிர்ப்பல் கூசுகிறதா என்று. கூசினால் தள்ளிப் போடாதீர்கள். உடனே அழைத்துப் போங்கள். சொரசொரப்பான கேப்பை மெருகேற்ற அதைக் கழற்றத் தேவையில்லை. வாயில் வைத்தபடியே செய்யலாம். தேய்ந்த பல்லை மீட்க முடியாது. தேய்கிற பல்லைக் காப்பாற்ற முடியும். அதைச் செய்யுங்கள்.